மூன்று நாள் குடில்வாசம்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஆலயங்களில் 'முகாம்' என்னும் சொல்லை அறிவிப்பில் உரைக்குமுன் சற்றே நிதானித்தல் நலம். மேலைநாட்டுப் பங்குகளில் அச்சொல் களிப்பைக் குறிக்கும்: இலையுதிர்காலத்து வார இறுதியில் பங்குக் குழுவொன்று காட்டோரத்தில் கூடாரமடித்து, தீ மூட்டி, பாட்டுப் பாடி, இரண்டு இரவுகள் தங்கி மீளும். இங்கோ அச்சொல்லைக் கேட்டவுடன் மக்கள் மனத்தில் எழுவது வேறொரு காட்சி. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர் அலையலையாய்க் கடல் கடந்து வந்த ஈழத்து மக்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாய் வாழ்ந்துவரும் இடமே இவ்வூரில் முகாம். அரசு 2021-ஆம் ஆண்டில் அகதிகள் முகாம் என்ற பெயரை நீக்கி, மறுவாழ்வு முகாம் என்று மாற்றிற்று. மாநிலத்தின் பெரிய முகாம்களுள் ஒன்றான இதிலிருந்து நம் திருப்பலிக்கு வந்து முழந்தாளிடும் இளைஞர் பலர் முகாமிலேயே பிறந்தவர்கள். "அடுத்த மாதம் நம் பங்கில் முகாம், அனைவரும் வருக" என்று பீடத்தினின்று அறிவித்தால், அவர்கள் முகத்தில் எழும் புன்னகையின் பொருள் யாது?

இதனைத் தடையாய்க் கூறவில்லை. இளையோர் குழுக்களும் அன்பியங்களும் இத்தகைய வெளிவாசத்தை நாடுவது மிக நல்லதே. அது வேண்டும் என்பதே நம் துணிபு. ஆனால் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளைச் சூழ்ந்த மண்ணில் அதனை நடத்துவோர், கூடாரத்தில் வாழ்தல் சிலருக்கு விளையாட்டு, பலருக்கு விதி என்பதை மறவாமல் நடத்தவேண்டும். அவ்வாறு நடத்துவதற்கு முன்மாதிரியும் உண்டு. அது மிகப் பழையது.

லேவியர் நூலின் 23-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஏழாம் மாதத்தின் பதினைந்தாம் நாள் தொடங்கி ஏழு நாள், இஸ்ரயேல் மக்கள் தத்தம் வீட்டை விட்டு வெளியேறிக் குடில்களில் வாழ வேண்டும் என்பது கட்டளை. அந்நாள்கள் நம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருவன. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்த வேளை. வீட்டுக்குள் சுகமாய் அமர்ந்து உண்ண வேண்டிய வேளை. அவ்வேளையில்தான் ஓலையையும் மரக்கிளைகளையும் கொண்டு குடில் அமைத்து அதனுள் உறங்கச் சொல்கிறது சட்டம். காரணமும் அங்கேயே கூறப்படுகிறது: எகிப்தினின்று மீண்ட முன்னோர் குடில்களில் வாழ்ந்ததைப் பின்வரும் தலைமுறையினர் அறியவேண்டுமாம். பாபிலோனின் அடிமைத்தனத்தினின்று மீண்டவர்கள் எருசலேமில் கூரைகளின்மீதும் முற்றங்களிலும் குடில் அமைத்த செய்தியை நெகேமியா 8-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். நம் ஆண்டவரும் இக்கூடார விழாவுக்குச் சென்றதை யோவான் 7-ஆம் அதிகாரம் உரைக்கிறது.

யூதர்கள் இவ்விழாவை இன்றும் கொண்டாடுகின்றனர். குடிலின் கூரை இரவில் விண்மீன்கள் தெரியுமளவுக்கு மெல்லியதாய் இருத்தல் அவர்தம் வழக்கம். மழை வந்தால் என் செய்வது? கூழ் கெட்டுப்போகுமளவுக்கு மழை பெய்தால் குடிலை விட்டு வீட்டுக்குள் போகலாம் என்பது அவர்தம் மூதறிஞர் வகுத்த விதி. கூழின் அருமை அறிந்த நம்மவர்க்கு இவ்விதி நன்கு விளங்கும்! நம் அக்டோபர் மாதத்துக்கும் இது பொருந்தும்.

ஏனெனில் இலையுதிர்காலம் என்று மேலையோர் கூறும் பருவம் நமக்குக் கூதிர்காலம், ஐப்பசியும் கார்த்திகையும். இலை உதிர்வதன்று இங்குச் செய்தி. மழை கொட்டுவதே செய்தி. வடகிழக்குப் பருவமழை வழக்கமாய் அக்டோபர் 20-ஆம் நாளை ஒட்டித் தொடங்குகிறது. அதன்பின் டிசம்பர் முடிய ஆரணியாறும் கொசஸ்தலையாறும் எப்போது கரை புரளும் என்று கூற இயலாது. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெய்த பெருமழையையும் கண்டவர்கள் நவம்பரில் கூடாரம் அடிக்க நினையார். ஆகவே நமக்குக் கிடைக்கும் காலம் குறுகியது: பள்ளிகளின் காலாண்டுத் தேர்வு முடிந்த பின்னும், பருவமழை தொடங்கு முன்னும் உள்ள அக்டோபரின் முதல் நாள்கள்.

அந்நாள்களுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இவ்வட்டாரத்துக் குடும்பங்களுக்கு அதுவே முதன்மையானது. அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி தொழில் நிறுவனங்களில் ஊதியத்தோடு கூடிய தேசிய விடுமுறை. 2026-ஆம் ஆண்டில் அந்நாள் வெள்ளிக்கிழமையாய் அமைகிறது. சனி, ஞாயிறும் சேர மூன்று நாள்.

விடுமுறையைப் பற்றி ஏன் இத்துணை விரிவாய்ப் பேசவேண்டும் என்று நகரத்து வாசகர் வினவக்கூடும். தொழிற்பேட்டைக் குடும்பம் ஒன்றின் ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள். இவ்வாரம் தந்தைக்கு இரவு ஷிப்டு. இரவு பத்து மணிக்குப் பணியில் இருக்கவேண்டும். காலை ஆறு மணிக்குப் பின் கரியும் வியர்வையுமாய் வீடு திரும்புகிறார். பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் அவர் உறங்கத் தொடங்குகிறார். "சத்தம் போடாதே, அப்பா தூங்குகிறார்" என்பதே அக்குழந்தைகள் தந்தையைப் பற்றி மிகுதியாய்க் கேட்கும் சொற்றொடர். அடுத்த வாரம் பிற்பகல் ஷிப்டு. பிள்ளைகள் பள்ளியினின்று வரும்போது அவர் ஆலையில், அவர் வரும்போது பிள்ளைகள் உறக்கத்தில். தாயும் பணிக்குச் செல்பவராயின் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் நால்வரும் சேர்ந்து ஒரு வேளை உணவு உண்ணாத வாரங்கள் உண்டு. குடும்ப செபமாலை சொல்லுங்கள் என்று அக்டோபர் மாதத்தில் மறையுரை நிகழ்த்துவது எளிது. யாரோடு சேர்ந்து சொல்வது என்பதன்றோ அவ்வீட்டின் வினா!

ஆகவே குடில்வாசம் இளைஞர்க்கு மட்டும் என்றிராமல், குடும்பங்களுக்கு என்று அமைதல் வேண்டும். தந்தை வர இயலாத நாளில் நடத்தும் வெளிவாசத்தால் பாதிப் பயனே விளையும். ஒப்பந்தத் தொழிலாளர்க்கு இதில் உள்ள இடரையும் நினைக்க வேண்டும்: சட்டம் ஏட்டில் இருப்பினும், வராத நாளுக்குக் கூலி இல்லை என்பதே அவர்களுள் பலர் அறிந்த நடைமுறை. அவர்களிடம் கட்டணம் கேட்பதைக் குழுவினர் அறவே தவிர்க்கவேண்டும். முகாமில் வாழ்வோர்க்கு வேறொரு கட்டு: கணக்கெடுப்பு நாளில் அவர்கள் நேரில் இருத்தல் வேண்டும். நாள் குறிக்குமுன் அவர்களைக் கேட்டுக் குறிப்பது மரியாதையும் முறையுமாகும்.

இனி, அங்குப் போய்ச் செய்வது யாது? நம்மவர் பலர் உடனே ஒரு நிகழ்ச்சி நிரலைத் தயாரித்துவிடுவர்: காலை 6 மணிக்குத் தியானம், 7 மணிக்குச் சொற்பொழிவு, 9 மணிக்கு இன்னொரு சொற்பொழிவு, மாலை கருத்தரங்கம். மண்டபத்தில் கேட்கவேண்டியதை மரத்தடியில் கேட்பதற்கு இத்துணைத் தொலைவு போக வேண்டுமா?

இதில் நமக்கு வழிகாட்டத் தக்கவர் ஒருவர் உண்டு. போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் 1950-களில் கரோல் வொய்த்திவா என்னும் இளங்குரு, கல்லூரி மாணவரையும் பின்னர் அவர்களுள் மணம் புரிந்துகொண்டவர்களையும் அழைத்துக்கொண்டு மலைகளுக்கும் ஏரிகளுக்கும் சென்று கூடாரமடித்துத் தங்குவதை வழக்கமாய்க் கொண்டிருந்தார். குருக்கள் இளைஞர் குழுக்களை நடத்துவதைப் பொதுவுடைமை அரசு தடை செய்திருந்த காலம் அது. ஆதலால் அவர் அங்கி அணியாமல் சாதாரண உடையில் சென்றார். குழுவினர் அவரை 'மாமா' என்றே அழைத்தனர். கவிழ்த்து வைத்த படகே திருப்பலிப் பீடம். துடுப்புகளைச் சேர்த்துக் கட்டினால் சிலுவை. அவர் கையாண்ட முறை எளிமையானது. இருவர் அமரும் சிறு படகில் நாளுக்கு ஒருவரைத் தம்மோடு அமர்த்திக்கொள்வார். நாள் முழுதும் துடுப்பு வலித்துக்கொண்டே அவர் கூறுவதைக் கேட்பார். குழுவில் ஒவ்வொருவர்க்கும் இவ்வாறு முறை வரும். பிற்காலத்தில், மணமானவர்கள் குழந்தைகளோடும் வந்தனர். அன்பையும் இல்லறப் பொறுப்பையும் பற்றி 1960-இல் அவர் வெளியிட்ட நூலுக்கு இவ்வுரையாடல்களும் உரமாயின.

1958-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏரி நாட்டில் இவ்வாறு படகு வலித்துக்கொண்டிருந்தபோது வார்சாவுக்கு வருமாறு அழைப்பு வந்தது. சென்றவரிடம் கர்தினால் விஷின்ஸ்கி, அவரைத் திருத்தந்தை துணை ஆயராய் நியமித்திருக்கும் செய்தியைக் கூறினார். அப்போது அவருக்கு வயது 38. பணியை ஏற்றுக்கொண்ட அவர் அடுத்துச் செய்தது என்ன? தம்மை எதிர்பார்த்திருந்த குழுவினரிடமே திரும்பிச் சென்றார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1978 அக்டோபர் 16-ஆம் நாள், அவரே திருத்தந்தையாய்த் தேர்ந்தெடுக்கப்பட்டார். 'இரண்டாம் அருள் சின்னப்பர்' என்று நம் வீடுகளில் வழங்கிய பெயர் மூத்த வாசகர்க்கு நினைவிருக்கும். 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தவரும் அவரே; 2014-இல் புனிதராய் உயர்த்தப்பெற்றார். அவருடைய திருநாளும் அக்டோபரிலேயே, 22-ஆம் நாளில் வருகிறது.

பங்குத் தந்தையரும் குழுத் தலைவர்களும் இப்படகு முறையைக் கைக்கொள்ளலாம், படகு இல்லாமலே. விறகு பொறுக்கும்போதும், வெங்காயம் உரிக்கும்போதும், ஒருவரோடு ஒருவர் இருந்தால் போதும். மேடையில் வாய் திறவாத தொழிலாளி, உரித்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே தன் கடனைப் பற்றியும், மகனைப் பற்றியும், விட்டுவிட முயலும் குடியைப் பற்றியும் பேசத் தொடங்குவார்.

படகு இல்லாமலே என்று கூறியது வேண்டுமென்றுதான். இடம் என்றவுடன் எல்லாரும் கூறுவது பழவேற்காடு. அது இயல்பே. போர்த்துக்கீசியர் காலத்தில், 1515-ஆம் ஆண்டில் தொடங்கியதாகக் கூறப்படும் மகிமை மாதா திருத்தலம் அங்கிருக்கிறது. ஒல்லாந்தரின் கல்லறைகளும், கெல்திரியாக் கோட்டை இருந்த இடமும் அங்கிருக்கின்றன. சில்க்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. கூதிர்காலம் முதல் பூநாரைகள் வரும். ஆயினும் 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவன்று, அவ்வேரியில் உல்லாசமாய்ச் சென்றவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். ஏரி ஆழமற்றது என்னும் நினைப்பு ஏமாற்றும். கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீரோட்டம் வலிது. பழவேற்காட்டுக்குச் செல்வோர் படகேறுவதில்லை, பிள்ளைகளை முகத்துவாரத்தில் இறக்குவதில்லை என்று புறப்படுமுன்னரே முடிவு செய்துகொள்ளவேண்டும். கரையில் நின்று பார்ப்பதற்கே அங்கு வேண்டிய அளவு உண்டு.

மேற்கே செல்ல விரும்புவோர்க்குப் பூண்டி. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கத்தின் அருகே, 1985-ஆம் ஆண்டு முதல் தொல்பொருள் அகழ்வைப்பகம் ஒன்று இருந்துவருகிறது. அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்விடத்துக் கைக்கோடரிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் ஆய்வாளர் அறிவித்தனர். இம்மாவட்டத்தில் வெளிவாசம் செய்தவர்களுள் மூத்தவர்கள் அவர்களே! குடியம் குகையைக் காண விழைவோர் வனத்துறையின் இசைவு பெற்றுப் பகலிலேயே சென்று மீளவேண்டும்.

எங்குச் சென்றாலும் தங்குமிடம் ஏதேனும் பள்ளி அல்லது ஆலய வளாகத்தை ஒட்டியிருத்தல் நலம். பெண்களுக்குக் கழிப்பிடமும் நல்ல நீரும் இல்லாத இடத்தில் மூன்று நாள் தங்குவதை இன்பம் என்று கூறுபவர் ஆண்மகனாகவே இருக்கவேண்டும். மழை வலுத்தால் ஒதுங்கவும் வகுப்பறை இருக்கும். நைலான் கூடாரங்களை வாடகைக்கு எடுப்பதைக் காட்டிலும், சவுக்குக் கம்புகளை நட்டு, கீற்று வேய்ந்து, மேலே தார்ப்பாய் விரித்துத் தாமே குடில் அமைப்பது சிறந்தது. நம் வீடுகளில் குடில் என்றால் டிசம்பரில் பாலன் இயேசுவுக்கு அமைப்பது. இம்முறை நமக்கே அமைப்போம். மேட்டு நிலமாய்ப் பார்த்து, சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டவேண்டும். இடி மின்னலின்போது தனிப் பனையின்கீழ் நிற்கலாகாது.

பாம்பைப் பற்றி ஒரு சொல். மழைக்காலத் தொடக்கத்தில் அஞ்ச வேண்டியது கட்டுவரியன். இரவில் உலாவி, தரையில் உறங்குவோரைத் தீண்டும். அதன் கடி வலியின்றியும் இருக்கும். தீண்டப்பட்டவர் அறியாமலே உறங்கிவிடுவர். கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் நன்றாய்ச் செருகிக்கொள்வதே சிறந்த காவல். தீண்டினால் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் எதுவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். நச்சுமுறி மருந்தே மருந்து. அம்மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சை நெடுங்காலமாய் எடுத்துத் தந்துவருவோர் இருளர்கள். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் பதிவு பெற்ற அவர்தம் கூட்டுறவுச் சங்கம் அப்பணியைச் செய்துவருகிறது. அவ்விருளர் இனத்தவர் இம்மாவட்டத்தின் ஏரிக்கரைகளில் பட்டா இல்லாத நிலத்தில், ஓலைக் குடில்களில், ஆண்டு முழுதும் வாழ்கின்றனர். நம் உயிரைக் காக்கும் மருந்தின் மூலத்தைத் தருவோர் இனத்தவர், பாம்பு நுழையும் குடிலில் உறங்குகின்றனர் என்பதைக் குடிலில் படுத்து எண்ணும்போது உறக்கம் எளிதில் வாராது.

உணவு கூட்டாஞ்சோறு. ஆண்கள் சமைக்க வேண்டும், மூன்று நாளும். இதில் விலக்களித்தால் பெண்களுக்கு வீட்டு அடுக்களை வெளியில் வந்ததாகவே முடியும். பழவேற்காட்டில் இறாலும் மடவையும் மலிவு. சேற்றில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளப் பெண்களிடமே வாங்கினால் இடையில் ஒருவர் பங்கு குறையும். ஈழத்துக் குடும்பத்தினர் வந்திருந்தால் இடியாப்பமும் சொதியும் எவ்வாறு செய்வதென நம் ஆண்களுக்குக் கற்பிக்கட்டும். ஒடிசாவினின்றும் ஜார்க்கண்டினின்றும் வந்து ஆலைகளில் பணிபுரியும் இளைஞர்களுள் நம் சபையைச் சேர்ந்தோர் உண்டு. ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் நின்று, மொழி புரியாமல் மறையுரை கேட்டுச் செல்வோர். அவர்களையும் அழைத்தல் வேண்டும். தகரக் கொட்டகையில் பத்துப் பேராய்த் தங்கும் அவர்களுக்குக் குடில்வாசம் புதியதன்று. ஒரு குடும்பத்தோடு அமர்ந்து உண்பதே புதிது. பருவமழை ஓய்ந்த பின் இதே சாலையோரத்துச் செங்கற் சூளைகளுக்கு வந்து, சூளையருகே குடிசையிட்டுத் தங்கும் ஒடிசாக் குடும்பங்களைப் பற்றி அவ்விளைஞர்களிடம் கேட்டறியலாம்.

இரண்டாம் இரவுக்கு ஒரு குறிப்பு. அக்டோபர் 3, அசிசியின் பிரான்சிஸ் இறந்த நாள். அவர் மறைந்த 1226-ஆம் ஆண்டிலிருந்து எண்ண 2026-இல் 800 ஆண்டுகள் நிறைவுறுகின்றன. அவரும் முதற் சகோதரர்களும் ரிவோதோர்த்தோ என்னும் இடத்தில் பாழடைந்த சிறு குடிலொன்றில் தங்கியிருந்தனர். இடம் மிகவும் நெருக்கமாதலால், யார் எங்கு அமர்வது, உறங்குவது என்று உத்தரங்களில் அவர்களின் பெயர்களை எழுதி வைத்தாராம். ஒரு நாள் உழவன் ஒருவன் தன் கழுதையை உள்ளே ஓட்டி வந்தான். அவனோடு வழக்காடாமல் அவர்கள் குடிலைக் காலி செய்து போயினர். அன்றிரவு செபமாலைக்குப் பின், தீயைச் சுற்றி அமர்ந்து, விருப்பமுள்ளோர் தாம் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட நாளைப் பற்றிக் கூறலாம். முகாமில் வாழும் பெரியவர்க்கு மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ விட்டு வந்த வீடு உண்டு. தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்தவர்க்கு ஒரு வயல் உண்டு. வற்புறுத்தல் ஆகாது. கேட்கும் பிள்ளைகள் இடையில் வினவினால் வினவட்டும்.

பெயரையும் அவர்களைக் கேட்டே வைக்கலாம். 'பாசறை' என்பர் சிலர். அது போர்க்களத்துச் சொல். முகாமில் பிறந்த இளைஞர் "முகாம் என்றே இருக்கட்டும், எங்களுக்கு வழி தெரியும்" என்று நகைத்துக் கூறினால் அவ்வாறே இருக்கட்டும்.

ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் குடில்களைப் பிரிக்கத் தொடங்கிவிடவேண்டும். அடுப்புக் குழியைத் தூர்த்து, கீற்றையும் கம்பையும் யாருக்குக் கூரை ஒழுகுகிறதோ அவருக்குக் கொடுத்து, மீந்த அரிசியைப் பங்கிட்டு, மாலை நான்கு மணிக்குள் பேருந்தில் ஏறிவிடுதல் நலம். இரவு ஷிப்டு பத்து மணிக்கு. அதற்குமுன் அவர்கள் மூன்று மணி நேரமேனும் உறங்கவேண்டும்.